பல் எக்ஸ்ரே: பிலிமா, தட்டா, சென்சாரா?

வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. கடைவாய்ப்பல்லின் வேருக்குள் ஃபைல் என்னும் ஊசி போன்ற மெல்லிய கருவி ஒன்றை இறக்கியாயிற்று. அது நுனிக்குப் போய்ச் சேர்ந்ததா, இன்னும் ஒரு மில்லிமீட்டர் பாக்கியா என்பதைப் படம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். நான் தொழில் கற்ற காலத்தில் பிலிமைத் தூக்கிக்கொண்டு கருப்புப் பெட்டிக்கு ஓடுவோம். மேலே சிவப்பு மூடி, கை நுழைக்க இரண்டு துணி உறைகள். உறையைப் பிரித்து, கிளிப்பில் மாட்டி, படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் திரவத்தில் முக்கி, அலசி, அதை நிலைக்கவைக்கும் ஃபிக்சர் திரவத்தில் போட்டு, மறுபடி அலசி வெளியே எடுக்க நாலைந்து நிமிடம் ஆகிவிடும். நோயாளி மரத்துப்போன கன்னத்தோடு காத்திருப்பார். வெளியே எடுத்துப் பார்த்தால் வேர் நுனி படத்தில் விழுந்திருக்காது. சரி, மறுபடி முதலிலிருந்து.

பிலிமுக்குப் பதில் வாய்க்குள் வைக்கும் மின்னணுச் சென்சாரில் அதே படம் சில நொடிகளில் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. டிஜிட்டலின் பெரிய லாபம் இதுதான் என்பேன். 1987-இல் பிரான்சில் பிரான்சிஸ் மூயேன் கொண்டுவந்த ரேடியோவிசியோகிராஃபிதான் இதற்குத் தொடக்கம். நாங்கள் இன்றும் சென்சாரை அந்தப் பெயரின் சுருக்கமான ஆர்விஜி என்றுதான் சொல்கிறோம்.

கதிர்வீச்சு குறைவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் எந்தப் பிலிமைவிடக் குறைவு என்று கேட்க வேண்டும். பிலிம் எவ்வளவு வேகமானதோ அவ்வளவு குறைந்த கதிர் போதும். பழைய, மெதுவான டி ஸ்பீட் பிலிமோடு ஒப்பிட்டால் சென்சாருக்குப் பாதியோ அதற்கும் கீழோ போதும். வேகமான எஃப் ஸ்பீட் பிலிமோடு வைத்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். படத்தைத் தன்னில் பிடித்துவைத்து ஸ்கேனரில் படிக்கவிடும் இன்னொரு டிஜிட்டல் வகையான பாஸ்பர் தட்டுக்கும் எஃப் ஸ்பீடுக்கும் பெரிய இடைவெளி கிடையாது. எப்படியானாலும் ஒரு சின்னப் பல் படத்துக்கு ஆகும் அளவு, கதிர்வீச்சை அளக்கும் அலகில், சில மைக்ரோசீவர்ட்தான். இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் நம் உடம்பு வாங்குவதும் அவ்வளவே. 1896-இல் ஜெர்மன் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் தன் சொந்தப் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிரின் முன் இருந்தார்.

ஆனால் ஒன்று. உடனே படம் வந்துவிடுவதால், சரியாக விழாத படத்தை யோசிக்காமல் திரும்ப எடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மிச்சப்படுத்திய கதிர்வீச்சு அங்கேயே போய்விடும்.

சௌகரியத்தில் சென்சார்தான் பின்தங்குகிறது. அது தடிப்பானது, வளையாது, பின்னால் ஒயர் வேறு. நாக்குக்கு அடியில் வைத்தால் மூலை குத்தும், கடைசிப் பல்லுக்குத் தள்ளினால் சிலருக்குக் குமட்டும். பாஸ்பர் தட்டு பிலிம் போலவே மெல்லிசு. சின்னப் பிள்ளைகள் அதைத்தான் தாங்குவார்கள். படம் எடுத்ததும் ஸ்கேனருக்குள் விட வேண்டும், அதற்குள் வெளிச்சம் பட்டால் படம் மங்கும், கீறல் விழுந்த தட்டு ஒவ்வொரு படத்திலும் வெள்ளைக்கோடு காட்டும். ஆனாலும் ஒரு தட்டு போனால் அந்தத் தட்டோடு போகும். நல்ல சென்சார் ஒன்று லட்ச ரூபாயைத் தாண்டும், ஒயரை ஒருவர் கடித்துவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பிலிமுக்குச் செலவு குறைவு, கூர்மையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் சரியாக அலசாத படம் சில வருடத்தில் பழுப்பேறும். பழைய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், உறைக்குள் ஈயத்தகடு இருக்கும். இவை கழுவுதொட்டிக்கும் குப்பைக்கும் போவதை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பல்லிடுக்கில் தொடங்கும் சொத்தையைக் கண்டுபிடிப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இருந்தும் என் மேசையில் சென்சார்தான் முதலில், குழந்தைகளுக்கு மட்டும் தட்டு. "வலியே இல்லையே டாக்டர், எதுக்கு வேர் சிகிச்சை?" என்று கேட்ட பெரியவர் ஒருவருக்குத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வேர் நுனியைச் சுற்றிக் கடலை அளவுக்கு ஒரு கருப்பு, எலும்பு கரைந்த இடம். பக்கத்துப் பல்லில் அது இல்லை. அவரே விரலை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து வந்தபோது அந்தப் படத்தையும் புதுப் படத்தையும் அருகருகே வைத்தோம், கருப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. "ரெண்டையும் என் போனுக்கு அனுப்புங்க" என்றார்.