பேண்ட்கேம்ப்: கல்ட் பட ரசிகர்கள் கணக்குத் தொடங்க வேண்டிய இசைக் கடை

2014இல் வந்த 'தி கெஸ்ட்' வசூலில் பெரிய படம் இல்லை. விடாப்பிடியான ரசிகர்களால் நின்ற கல்ட் படம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து சிந்தசைசர் குழுவான 'சர்வைவ்' போட்ட பாட்டுகள் அதில் வரும். அவற்றைக் கேட்டு மயங்கிய டஃபர் சகோதரர்கள், தங்கள் தொடரை விற்பதற்காகச் செய்த மாதிரி டிரெய்லரில் அதே குழுவின் இன்னொரு பாட்டை வைத்தார்கள். 2016இல் அந்தத் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்று வெளியானபோது, குழுவின் கைல் டிக்சனும் மைக்கேல் ஸ்டைனும்தான் இசை. மறு ஆண்டே முகப்பிசைக்கு எம்மி விருதும் வந்தது. இப்படிப்பட்ட குழுக்கள் தொடருக்கோ படத்துக்கோ போவதற்கு முன்பே அவற்றைக் காதில் வாங்கிவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கான கடை பேண்ட்கேம்ப். 2008இலிருந்து நடக்கிறது, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்த நிறுவனம். ஓடிடி போல மாதச் சந்தா கட்டி முழுக் களஞ்சியத்தையும் கேட்கிற ஏற்பாடு இங்கே இல்லை. ஆல்பத்தை விலை கொடுத்து வாங்கினால் கோப்பு உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கடையின் பெருமையே அதில்தான் இருக்கிறது. டிஜிட்டல் ஆல்பம் என்றால் பேண்ட்கேம்ப்பின் பங்கு 15 சதவீதம். ஒரு கலைஞரின் விற்பனை 5,000 டாலரைத் தொட்டால் அது 10 ஆகக் குறையும். இசைத்தட்டு, கேசட், டி-ஷர்ட் போன்ற பொருள்களுக்கு முதலிலிருந்தே 10தான். இதுபோக கார்டு அல்லது பேபால் கட்டணம் தனி. பத்து டாலர் ஆல்பத்தில் ஒன்றரை டாலர் கடைக்கு, கொஞ்சம் கார்டு நிறுவனத்துக்கு, மிச்சமெல்லாம் பாட்டு போட்டவருக்கோ அவருடைய லேபிளுக்கோ, அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனத்துக்கோ. ஸ்பாட்டிஃபையில் 2024இலிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூட ஓடாத பாட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. சின்னக் குழுக்களின் பெரும்பாலான பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கும். ஒரு குழு அடுத்த ஆல்பம் போட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர் இங்கே ஓர் ஆல்பத்தை வாங்குவது ஆயிரம் முறை ஓடவிடுவதைவிட மேல்.

'நேம் யுவர் பிரைஸ்' என்று போட்டிருந்தால் விலை உங்கள் கையில். குறைந்தபட்ச விலை எதுவும் வைக்காவிட்டால் பூஜ்யம் என்று அடித்துக்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கலைஞருக்கு மாதம் 200 இலவசப் பதிவிறக்கங்கள்தான் கடை கொடுக்கிறது. அவை தீர்ந்துவிட்டால் இலவச வழி அடைபடும். நேற்று சும்மா கிடைத்தது இன்று ஏன் காசு கேட்கிறது என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கிங் கிஸர்ட் அண்ட் தி லிஸர்ட் விஸர்ட் ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறியபோது, தங்கள் ஆல்பங்களை இங்கே இந்த முறையில்தான் திறந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆல்பக் குவியலைப் பிடித்த விலைக்குக் கொடுக்கிற குழு அபூர்வம்.

இனி, தேடுவது எப்படி? தேடுபெட்டியை நம்ப வேண்டாம். பெயர் சரியாகத் தெரிந்தால் மட்டும் அது உதவும். எழுத்து ஒன்று பிசகினால் சம்பந்தமில்லாத ஆள்களைக் கொண்டுவந்து நிறுத்தும். 'டிஸ்கவர்' பக்கம் பரவாயில்லை. வகை, ஊர், கேசட்டா எல்பியா (வினைல் இசைத்தட்டு) என்று வடிகட்டலாம். ஆனால் 'அதிகம் விற்றவை' என்ற வரிசையிலேயே அது உங்களை உட்காரவைத்துவிடும். 'புதிய வரவு' என்று மாற்றிக்கொண்டால்தான் யாரும் தொடாத சரக்கு கண்ணில் படும்.

உண்மையான வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த ஆல்பம் பக்கத்திலும் அட்டைப்படத்துக்குக் கீழே, வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலர் இரண்டு வரி எழுதி, பிடித்த பாட்டு எது என்றும் குறித்திருப்பார்கள். அதில் ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய அத்தனையும் விரியும். நாலே பேர் வாங்கிய ஒரு சிந்த் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அந்த நாலு பேரின் சேகரிப்பையும் பாருங்கள். இரண்டு பேரிடமாவது பொதுவாக இருக்கும் ஆல்பம் எதுவோ, அதிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள். காசு போட்டு வாங்கிய மனிதர்களின் ரசனை இது. எந்த அல்காரிதமும் இந்த அளவுக்குக் குறி பார்த்து அடிப்பதில்லை. ஒருவருடைய ரசனை ஒத்துப்போனால் 'ஃபாலோ' கொடுத்துவிடுங்கள், அவர் அடுத்து வாங்குவது உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு வாசல் லேபிள். கல்ட் படப் பித்து உள்ளவர்கள் இரண்டு பெயரை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று, நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் சேக்ரட் போன்ஸ். திகில் பட இயக்குநர் ஜான் கார்பென்டர், எந்தப் படத்துக்கும் இல்லாமல் தனியாகப் போட்ட முதல் ஆல்பத்தை 2015இல் வெளியிட்டது இவர்கள்தான். மகன் கோடி கார்பென்டரும் டேனியல் டேவிஸும் அதில் அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். இயக்குநர் டேவிட் லிஞ்சின் முதல் படமான 'இரேசர்ஹெட்'டின் ஒலித்தடத்தை மறுபடி எல்பியாகக் கொண்டுவந்ததும் இதே லேபிள். அந்தத் தட்டில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம்; இயந்திரம் உறுமுகிற மாதிரியான அந்தச் சத்தத்தைக் காதுக்கருகில் கேட்டால்தான் படம் ஏன் அப்படி மனதைப் பிசைந்தது என்று புரியும். இன்னொன்று, இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ். செக்கோஸ்லோவாகியப் படங்களின் இசை, பாகிஸ்தானிய சினிமாப் பாட்டுகள் என்று யாரும் எட்டிப் பார்க்காத அலமாரிகளைக் கிண்டி வெளியிடுகிறவர்கள். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இளையராஜா போட்ட பாட்டுகளைத் தொகுத்து மேற்கத்திய ரசிகர்கள் கையில் கொடுத்ததும் இவர்கள்தான். நம் வீட்டுப் பாட்டுக்குப் பக்கத்தில் பிராகு நகரத்துப் பாட்டை வைக்கிற அந்தத் துணிச்சலுக்காகவே இந்த லேபிளைப் பின்தொடரலாம். லேபிளின் மொத்த ஆல்பங்களையும் சேர்த்து வாங்கினால் சில இடங்களில் நல்ல தள்ளுபடியும் உண்டு. ஆல்பம் பக்கத்தில் விலைக்குக் கீழே அதற்கான வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் இலவசமாக முழுப் பாட்டையும் கேட்கலாம். அப்போது வருவது தரம் குறைந்த 128 கேபிபிஎஸ் எம்பி3 மட்டும். தாளத் தகடுகளின் சத்தம் மணல் போல உதிர்கிறதே, பதிவு மோசமோ என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். வாங்கிய பிறகு எம்பி3 320, எம்பி3 வி0, ஃபிளாக், ஏஏசி, ஆக் வோர்பிஸ், ஆப்பிளின் அலாக், வேவ், ஏஐஎஃப்எஃப் என்று எது வேண்டுமோ அதில் எடுக்கலாம். ஒருமுறை வாங்கினால் எத்தனை வடிவத்திலும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எதை எடுப்பது? வீட்டில் வைத்துக்கொள்ள தரம் குறையாத ஃபிளாக், போனுக்கு அளவு சிறிய வி0. நாற்பத்தைந்து நிமிட ஆல்பம் 320இல் சுமார் 105 எம்பி, சாதாரண 16 பிட் ஃபிளாக்கில் சுமார் 250 முதல் 300 எம்பி, வேவில் 450 எம்பியைத் தாண்டும். வேவை எடுக்காதீர்கள். ஒலியில் ஃபிளாக்குக்கும் அதற்கும் துளி வித்தியாசம் இல்லை. ஆனால் கலைஞர் பெயர், ஆண்டு, அட்டைப்படம் போன்ற விவரங்கள் வேவோடு ஒழுங்காக ஒட்டி வராது, பிளேயரில் வெறும் கோப்புப் பெயர்தான் நிற்கும்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கோப்பு ஜிப்பாக வரும், 'ஃபைல்ஸ்' செயலி அதைப் பிரித்தும் கொடுக்கும். ஆனால் ஆப்பிள் மியூசிக் செயலிக்குள் கணினி இல்லாமல் அதை ஏற்ற முடியாது. விஎல்சி போன்ற ஒரு பிளேயரை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. கேட்பதற்கு மட்டும் என்றால் பேண்ட்கேம்ப் செயலியே போதும், வாங்கியதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வாங்குவதை மட்டும் பிரவுசரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலைஞர்கள் தரம் குறையாத கோப்பைத்தான் ஏற்ற வேண்டும் என்பது கடையின் விதி. இருந்தாலும் பழைய எம்பி3யை வேவாக மாற்றி ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக அரிய ஒலித்தடங்களை எங்கிருந்தோ எடுத்துப் போடுகிற பக்கங்களில். சந்தேகம் வந்தால் 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் ஃபிளாக் கோப்பைத் திறந்து பாருங்கள், பாட்டின் அதிர்வெண்களை அது நிறப் படமாக வரைந்து காட்டும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல மேல்பகுதி கறுப்பாக இருந்தால் அது 128 எம்பி3யிலிருந்து வந்த சரக்கு. 20இல் வெட்டு விழுந்தால் 320ஆக இருக்கலாம். 22 வரை நிறம் பரவியிருந்தால் கவலையில்லை. கேசட்டில் பதிவான பழைய இசைக்கு மேல்பகுதி இயல்பாகவே தேய்ந்து மறையும். அந்தத் தேய்வு சீராக இருக்கும், நேர்கோட்டில் நிற்காது.

பணம் கட்டுவதைப் பொறுத்தவரை நமக்குச் சற்று இடைஞ்சல்தான். விலை டாலரிலோ பவுண்டிலோ யூரோவிலோ இருக்கும், அது விற்பவரின் விருப்பம். யுபிஐ கிடையாது, கார்டு அல்லது பேபால். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அது. கார்டு மறுக்கப்படுவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம், கடையின் குற்றம் இல்லை. மாற்று விகிதத்துக்கு மேல் வங்கி இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம்வரை வைக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. ஒற்றைப் பாட்டாக ஒரு டாலர், ஒரு டாலர் என்று தனித்தனியே வாங்காதீர்கள். கார்டு கட்டணத்தில் ஒரு பகுதி மாறாத தொகை என்பதால் சின்னத் தொகையில் அது பெரிதாகக் கடிக்கும், நஷ்டம் கலைஞருக்கு. கூடையில் சேர்த்துவைத்து மொத்தமாகக் கட்டுங்கள்.

மொத்தமாகக் கட்ட நல்ல நாள் பேண்ட்கேம்ப் வெள்ளி. கொரோனா முடக்கத்தில் கச்சேரிகள் நின்றுபோன 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம் இது. அன்று கடை தன் பங்கை எடுத்துக்கொள்ளாது. முதல் நாளிலேயே ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியில் வரும், ஆனால் எல்லா மாதமும் வராது. கடை அறிவிக்கும் தேதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அமெரிக்காவில் கோடை நேரம் நடக்கும் மாதங்களில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வெள்ளி பகல் 12.30க்குத் தொடங்கி சனி பகல் 12.30க்கு முடியும், நவம்பரிலிருந்து மார்ச் வரை 1.30. வெள்ளி காலையிலேயே வாங்கிவிடுகிற நம் ஆள்கள் அந்தப் பலனைத் தவறவிடுகிறார்கள். பொறுத்திருந்து சனி காலை வாங்கினாலும் சரிதான். கூட்டம் அதிகமான அன்று இறக்கும் பக்கம் 'தயாராகிறது' என்று நெடுநேரம் நிற்கலாம். பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் சேகரிப்புக்குள் போய் எடுத்தால் போதும், வாங்கியது எங்கும் போகாது.

எல்பி விஷயத்தில் நிதானம் வேண்டும். தட்டை அனுப்புவது பேண்ட்கேம்ப் இல்லை, அந்தந்தக் குழுவோ லேபிளோதான். அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு எல்பி வரவழைத்தால் தபால் செலவு பெரும்பாலும் தட்டின் விலையையே எட்டிவிடும். சுங்கத் தீர்வை தபால் செலவையும் சேர்த்த மதிப்புக்குத்தான் போடப்படும். இரண்டாவது தட்டுக்குக் கூடுதல் தபால் கட்டணம் குறைவு என்பதால் ஒரே லேபிளில் இரண்டு மூன்றாக வாங்குவது நல்லது. முன்பதிவு என்றால் தட்டு அச்சாகி வர மாதக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். டிஜிட்டல் பாட்டு வெளியீட்டு நாளிலேயே வந்துவிடும், ஒன்றிரண்டு அதற்கு முன்பே கிடைக்கும். சித்திரை, வைகாசியில் வந்து சேருகிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். வெயிலில் நிற்கிற மூடிய வண்டிக்குள் வினைல் வளைந்துவிடும், வளைந்தது நேராவது அரிது. கலைஞரின் பக்கத்தில் தொடர்புக்கான இணைப்பு இருக்கும். அதில் எழுதி, தட்டை அட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழி முழுக்க ஆடி ஆடி, உறையின் மேல்விளிம்பைத் தட்டின் ஓரமே கிழித்துவிடும்.

இடம் சிறியவர்களுக்கு கேசட் நல்ல தேர்வு. எடை குறைவு, தபால் மலிவு, கேசட் டெக் இல்லாவிட்டாலும் டிஜிட்டல் பிரதி பெரும்பாலும் கூடவே வரும். கச்சேரியில் வாங்கிய கேசட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் குறியீடு அச்சடித்திருந்தால், பேண்ட்கேம்ப் முகவரிக்குப் பின்னால் 'யம்' (/yum) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து அடித்து அந்தப் பக்கத்தில் குறியீட்டைப் போட வேண்டும். ஒருமுறைதான் செல்லும், உங்கள் கணக்கில் நுழைந்த பிறகு போடுங்கள், அப்போதுதான் சேகரிப்பில் ஏறும்.

கடையின் எதிர்காலம் பற்றிய பயம் நியாயமானதுதான். 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடருக்குக் கைமாறியது, அந்தக் கைமாற்றத்தில் ஏறக்குறைய பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். புதிய இசையைத் தேடித்தேடி எழுதியவர்களும் அதில் அடக்கம் என்பது இன்றும் வலிக்கிற விஷயம். அதே கடை 2026 ஜனவரியில், முழுக்கவோ பெருமளவோ செயற்கை நுண்ணறிவால் செய்த இசைக்கு இங்கே இடமில்லை என்று அறிவித்தது. அந்த முடிவுக்கு மனதார ஒரு சபாஷ். ஆனாலும் வாங்கியதை வாங்கிய அன்றே ஃபிளாக்கில் இறக்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியும் வேறொரு இடத்தில் இன்னொரு பிரதியும் வையுங்கள். ஒரு குழு பிரிந்தால், லேபிள் உரிமை கைமாறினால், ஒலித்தட ஒப்பந்தம் முடிந்தால் பக்கம் காணாமல் போகலாம். கல்ட் பட இசையில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் படத்தின் உரிமை ஒருவரிடமும் இசையின் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும்.