பழைய கணினியில் புது ஃபாண்ட்: எல்லாம் சரி, அந்தப் புள்ளியைத் தவிர

பழைய மெஷினில் புதிதாகத் தமிழ் ஃபாண்ட் போட்டால் வேகம் குறையுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். குறையாது. இரண்டு மூன்று கோப்புகளால் ஒன்றும் ஆகாது, நூற்றுக்கணக்கில் கொட்டி வைத்தால்தான் ஃபாண்ட் பட்டியல் திறப்பதற்கே திணறும். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டியது வேகத்தைப் பற்றி அல்ல, மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரியுமா என்றுதான்.

என்னுடையது விண்டோஸ் 7, பழைய 17 அங்குலத் திரை, 1280க்கு 1024. அதில் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற ஃபாண்ட்டைப் போட்டு ரொம்ப நாளாக அதிலேயேதான் எழுதுகிறேன். நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, கோப்பின் மேல் வலது கிளிக், இன்ஸ்டால், முடிந்தது. ஒரே ஒரு விஷயம், ஜிப்பைப் பிரித்ததும் முன்னால் வந்து நிற்பது வேரியபிள் ஃபாண்ட், எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் இருக்கும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்புக்கு முந்தையவற்றுக்கு அது புரியாது. சாதாரணத் தடிமன் மட்டும் வரும், போல்டு கேட்டால் அதையே செயற்கையாகத் தடிக்க வைத்து ண, ன சுழிகளை அடைத்துவிடும். உள்ளே ஸ்டாட்டிக் என்ற ஃபோல்டரில் ரெகுலரும் போல்டும் தனித்தனியாக இருக்கின்றன, அவை இரண்டும் போதும்.

அப்புறம் எழுத ஆரம்பித்தால் 10, 11 பாயிண்ட் அளவில் புள்ளி கரைந்துபோகிறது. க எது, க் எது என்று திரையோடு மூக்கை ஒட்டித்தான் பார்க்க வேண்டும். வல்லினம் மிகும் இடத்தில் ப் போட்டேனா, வெறும் ப போட்டேனா என்பது அச்செடுத்த பிறகே தெரிகிறது, தமிழில் இது சின்னக் குறையா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். என் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 96 பிக்சல். 10 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைக்கும் மொத்த உயரமே ஏறக்குறைய 13 பிக்சல், அதற்குள் எழுத்து, மேலே சுழிக்கும் இகரம், கீழே இறங்கும் உகரம் எல்லாம் அடங்கியாக வேண்டும், புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ பிக்சல் மிஞ்சினால் பெரிது. போதாக்குறைக்கு, பழைய மென்பொருள்கள் ஜிடிஐ என்ற விண்டோஸின் பழைய முறை வழியாகத்தான் எழுத்தை வரைகின்றன. அதில் கிளியர்டைப் என்ற விண்டோஸ் வசதி எழுத்தின் விளிம்பை இடவலமாக மட்டும் மென்மையாக்கும், மேல்கீழாக ஒன்றும் செய்யாது. வட்டப் புள்ளிக்கு இரண்டு திசையும் வேண்டுமே! டைரக்ட்ரைட் என்ற புதிய முறையில் எழுத்தை வரையும் பிரவுசரில் இதே ஃபாண்ட், இதே திரையில், இதே அளவில் எவ்வளவோ தேவலை. ஆக, படிக்கும் இடத்தில் நன்றாகத் தெரிகிறது, எழுதும் இடத்தில் தெரியவில்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும். கிளியர்டைப் ட்யூனரையும் ஓட்டிப் பார்த்தேன், நேர்கோடுகள் கொஞ்சம் கூர்மையாயின, புள்ளி அப்படியே இருக்கிறது.

விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வரும் லதா ஃபாண்ட் இந்த விஷயத்தில் கெட்டி. அழகென்று யாரும் சொல்லப்போவதில்லை, அகலமாகக் காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஆனால் அதன் புள்ளி இதே திரையில் பளிச்சென்று தெரிகிறது. சரி, லதாவில் எழுதிவிட்டுக் கடைசியில் ஃபாண்ட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றால் எழுத்தின் அகலமும் வரி உயரமும் வேறு, பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும், அட்டவணை இருந்தால் இன்னும் மோசம். 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி எழுதினால் புள்ளி தெரிகிறது, ஆனால் அரைப் பக்கம்தான் கண்ணில் படும். இப்போதைக்கு அப்படித்தான் ஓடுகிறது.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அச்சில் நோட்டோ வேறு எழுத்து. 600 டிபிஐ-யில் புள்ளி வட்டமாக, அதன் இடத்தில் அழகாக உட்காருகிறது, தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வருவதில் ஒரு பக்கம் முழுக்கப் படித்தாலும் கண் களைப்பதில்லை. பிடிஎஃப் ஆக்கினால் ஃபாண்ட் உள்ளேயே போய்விடுகிறது, அனுப்பும் இடத்தில் கட்டம்கட்டமாகத் தெரியுமோ என்ற கவலையும் கிடையாது. ஓஎஃப்எல் என்ற திறந்த உரிமம் என்பதால் காசும் கேட்பதில்லை.

நண்பருக்கு என் பதில், போடாதீர்கள். அவர் நாள் முழுக்கப் பிழை திருத்துபவர், அந்தத் திரையில் அவர் கண்ணுக்கு லதாதான் சரி. என் மெஷினிலிருந்து எடுத்துவிடுவேனா என்று கேட்டால், மாட்டேன்.