கிரீச்சிடும் பிரேக்கும் ஏற்காட்டு மலைப்பாதையும்: சொகுசு காருடன் ஒரு நீண்டகால அனுபவம்

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார் சத்தமே போடக்கூடாது என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். பிரேக் விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. கனமான வண்டி, சக்கரத்தோடு சுழலும் பெரிய வட்டத் தகடான டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும், உலோகத் துகள் கலந்த பேட் மூன்றும் சேரும் இடத்தில் கிரீச்சொலிக்கு வாய்ப்பு அதிகம். நான் ஓட்டுவது 2017 மாடல் ஜெர்மன் டீசல் ஆட்டோமேட்டிக் செடான். வீடு சேலம் அழகாபுரத்தில். ஏற்காட்டில் குடும்பத்துக்கு ஒரு சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. வார இறுதியில் மலையேறி இறங்குவதும், மற்ற நாட்களில் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து போவதும்தான் இந்தக் காரின் வேலை. ஒரு பக்கம் மலை இறக்கத்தின் கடும் சூடு, இன்னொரு பக்கம் சூடே ஏறாத நகரத்து மிதிப்பு. பிரேக்குக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது.

சத்தம் தொடங்கியது வண்டி நிற்கப்போகும் கடைசிச் சில அடிகளில். வேகம் பதினைந்துக்குக் கீழே இறங்கியதும் முன் இடது சக்கரத்திலிருந்து மெல்லிய, கூர்மையான கீச்சொலி. கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்காது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் போகும்போது சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதைக் கிழிக்கும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் இருசக்கர வாகனக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். முதல் முறை, "இந்த மாடலில் இது இயல்புதான் சார்" என்று பதில் வந்தது. அடுத்த முறை, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், பேட் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள்; தொகை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இயல்பு என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? மாற்றியே ஆக வேண்டுமென்றால் அது எப்படி இயல்பாகும்? டிஸ்க்கின் தடிமனை அளந்தீர்களா என்று கேட்டேன். அளக்கவில்லை. டிஸ்க் எந்த அளவுக்குத் தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமனைத் தயாரிப்பாளரே பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்து வைத்திருப்பார். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றும் அந்தக் கோபம் எனக்கு உண்டு.

அதன்பின் சூரமங்கலம் பக்கம் பட்டறை வைத்திருக்கும், எனக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரைத் தூக்கி, இரண்டு பேடுகளையும் எடுத்து ஒரு செய்தித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளிப் பேட் நன்றாகவே இருந்தது. உள் பேட் அதில் பாதிதான் இருந்தது. அதுவும் ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வெளிப் பேடின் முகம் பளபளத்தது. விரலை வைத்தால் வழுக்கியது. கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கான ஸ்லைடு பின்னைக் கையால் இழுத்தார், வரவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருகி எடுத்தபோது, உள்ளே இருந்த கிரீஸ் பழுப்பு நிறப் பொருக்காகக் காய்ந்து உதிர்ந்தது. அதன் ரப்பர் உறை உப்பி, வாய் விரிந்து கிடந்தது.

"கேலிப்பர் நகரவே இல்லை சார். பிஸ்டன் தள்ளும் உள் பேட் மட்டும்தான் பாரத்தைத் தாங்குகிறது. வெளிப் பேட் சும்மா உரசிக்கொண்டே இருந்திருக்கிறது" என்றார்.

"அப்படியென்றால் டிஸ்க்கை மாற்ற வேண்டாமா அண்ணா?"

"அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

அளந்தார். குறைந்தபட்ச அளவுக்கு மேலே தாராளமாக இருந்தது.

கிரீச்சொலி உண்மையில் என்ன என்பதை அப்போதுதான் ஆர அமரப் படித்துத் தெரிந்துகொண்டேன். பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. வயலின் நரம்பை வில் பிடித்துப் பிடித்து விடுவதால் நாதம் வருகிறதல்லவா, அதே வேலைதான். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கும்போது டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்து அதிர்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. பிரேக் கீச்சின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வந்து விழுவதால்தான் இவ்வளவு எரிச்சல். இந்த அதிர்வை அடக்கத்தான் பேடின் முதுகில் ரப்பர் பூசிய மெல்லிய ஷிம் தகடு, பேடின் இரு முனைகளிலும் சரிவாகச் சீவிய வெட்டு, சில கார்களில் கேலிப்பரில் தனியாக ஒரு எடைக்கட்டி எல்லாம் வைக்கிறார்கள். என் காரில் ஷிம் துருப்பிடித்து உரிந்திருந்தது. முன்பு யாரோ ஸ்லைடு பின்னுக்குச் சாதாரண கிரீஸைத் தடவியிருக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக்கில் உள்ள ரப்பர் உப்பிவிடும். அங்கே சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும். என் காரில் தேய்ந்திருந்தது உள்ளே இருந்தது. பேட் தேய்ந்தால் எச்சரிக்கும் சென்சாரும் எல்லாப் பேடிலும் இருப்பதில்லை. பல ஜெர்மன் கார்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சர்வீஸுக்கு விடும்போது "உள் பேட் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டு, முடிந்தால் கண்ணால் பாருங்கள்.

பின்களைச் சுத்தம் செய்து, புதிய ரப்பர் உறை போட்டு, டிஸ்க்கின் முகத்தை எமரித் தாளால் தேய்த்து, ஷிம்மோடு வந்த புதிய ஒரிஜினல் பேடுகளை முன்சக்கரம் இரண்டுக்கும் மாட்டினார். ஆன செலவு அந்த மதிப்பீட்டின் சிறு பகுதிதான். அடுத்து வருவது பலர் விட்டுவிடும் கட்டம்: புதுப் பேடைப் பதப்படுத்துவது. அதிகாலையில் ஓமலூர் தாண்டி நெடுஞ்சாலையில், பின்னால் வண்டி எதுவும் இல்லாத நேரம் பார்த்து, அறுபதிலிருந்து பதினைந்து வரை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இப்படி எட்டுப் பத்து முறை. அதன் பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் சமமாகப் படிவதற்குத்தான் இவ்வளவும். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை அழுத்தியபடி இருந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் படலம் திட்டாகப் படிந்துவிடும். பின்னாளில் ஸ்டியரிங் ஆடுவதற்கும் சத்தத்துக்கும் அதுவே விதை.

கீச்சொலி போயிற்று. அந்தப் பேடுகள் தேய்ந்து முடியும் வரை திரும்ப வரவில்லை.

அடுத்த முறை மாற்றும்போது, சென்னையில் இருக்கும் மைத்துனர் செராமிக் பேடைப் பரிந்துரைத்தார். அவருடைய கார் சென்னை நகரத்துக்குள் மட்டும் ஓடுவது. நானும் போட்டுப் பார்த்தேன். நகரத்தில் அருமை: சத்தமே இல்லை, சக்கரத்தில் கறுப்புத் தூசி படிவதில்லை. ஆனால் ஏற்காட்டு இறக்கத்தில் எனக்குத் திருப்தி இல்லை. காலைக் குளிரில் முதல் சில வளைவுகளில் பிடிப்பு சற்றுத் தாமதமாகவே வந்தது. அடிவாரம் நெருங்கும்போது அதே வேகக் குறைப்புக்குக் காலை இன்னும் அழுத்த வேண்டியிருந்தது. எல்லா செராமிக் பேடும் இப்படி என்று சொல்லமாட்டேன். நான் வாங்கியது அப்படி இருந்தது. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பல பேடுகளின் விளிம்பில் அச்சிட்ட குறியீட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில் உள்ள உராய்வு. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த இரண்டாவது எழுத்து முக்கியம். நான் பழைய ஒரிஜினல் வகைக்கே திரும்பினேன். தூசி படியட்டும், வாரம் ஒருமுறை துடைத்துக்கொள்கிறேன். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும் பாதையில் எனக்குப் பிடிப்புதான் முதலில்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், அந்த இறக்கம் அப்படிப்பட்டது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொண்டது போக மிச்சம் அத்தனையும் பிரேக்கில்தான் வெப்பமாக இறங்க வேண்டும். இன்ஜினுக்கு எவ்வளவு பங்கு கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் 'டி' (டிரைவ்) நிலையிலேயே விட்டு இறங்குகிறவர்களை எல்லா வாரமும் பார்க்கிறேன். கடைசி வளைவுகளில் அவர்களுக்குப் பின்னால் போனாலே தீய்ந்த வாடை வரும். நான் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிறுத்திக்கொள்வேன். வளைவுக்கு முன்பே அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் காலை முழுதாக எடுத்துவிடுவேன். லேசாக மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க்குக்கு ஆற நேரமே கிடைக்காது. பேடின் முகம் கண்ணாடி போல் வழுவழுப்பாகிக் கீச்சிடத் தொடங்குவது அங்கேதான். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மட்டும் இந்த முறை பலிக்காது. வண்டிகள் நகர்ந்து நகர்ந்து இறங்குவதால் மிதித்தபடியேதான் வர வேண்டியிருக்கும். அந்த நாட்களில் நான் நடுவே ஓரிடத்தில் ஒதுங்கி நிறுத்தி ஆறவிட்டுத்தான் தொடர்கிறேன். அடிவாரத்துக்கு வந்ததும் வண்டி நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டை அணைத்துவிடுவேன், சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நிற்காமலிருக்க. சக்கரத்தின் மேல் உடனே தண்ணீர் பாய்ச்சவும் விடமாட்டேன்.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. தோட்டத்தில் இரவு நிறுத்தி, பனிமூட்டத்தோடு காலையில் எடுத்தால் முதல் சில மிதிப்பில் 'கரகர' என்று வரும். வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஈரத்தால் படிந்த மேல்துரு அது. தெருமுனை தாண்டுவதற்குள் போய்விடும். மெதுவாக நிற்கும்போது மட்டும் வரும் கீச்சு பெரும்பாலும் அதிர்வுப் பிரச்சினை, நிதானமாகப் பார்க்கலாம். மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் அறைபடும் கனத்த சத்தம் வந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். பேட் தீர்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கைக் குடைகிறது. பெடல் பஞ்சு போல் இறங்கினால் அது இன்னும் அவசரம். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதித்தும் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

இப்போது முன்சக்கரங்கள் அமைதியாக இருக்கின்றன. பின்சக்கரப் பேடுகள் இந்தக் காபி அறுவடை முடியும்வரை தாங்கும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லியிருக்கிறார். பின்னால் இருப்பது மின்சாரப் பார்க்கிங் பிரேக் என்பதால், காரின் கணினியோடு இணையும் ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு நேரடியாக அழுத்தினால் பார்க்கிங் பிரேக்கின் மோட்டார் கெட்டுவிடலாம். ஸ்கேனர் அவரிடம் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் பேடோடு ஆயிலையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.