தெறிப்பு நீக்கும் பூச்சு: யாழ்ப்பாணத்து வெக்கைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் எந்த லென்ஸ் தாங்கும்?

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து, பிரேம் தெரிவுசெய்து முடிந்ததும் அந்தக் கேள்வி வரும்: “அக்கா, சாதா லென்ஸ் போடுறதோ, மல்ரிகோட்டோ, புளூ கட்டோ?” யோசிக்க அரை நிமிடம்தான் கிடைக்கும். கூடின விலை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒருவர் தலையாட்டுவார். பூச்சு எல்லாம் கடைக்காரருடைய வியாபாரம் என்று இன்னொருவர் சாதாவோடு போய்விடுவார். இரண்டு பேருமே கணக்குப் பார்க்கவில்லை. மல்ரிகோட் என்பது லென்ஸில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் குறைக்கிற தெறிப்பு நீக்கும் பூச்சு. அது வேலை செய்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை, அதை எண்ணில் அளக்கலாம். எங்கள் தூசிக்கும் வெக்கைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் அது எவ்வளவு காலம் நிற்கும் என்பதில்தான் ஒரு பூச்சுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எவ்வளவு வெளிச்சம் தெறிக்கிறது

வெளிச்சம் காற்றிலிருந்து லென்ஸுக்குள் புகும்போது ஒரு பங்கு திரும்பித் தெறிக்கும், லென்ஸை விட்டு வெளியேறும்போதும் அப்படியே. எவ்வளவு தெறிக்கும் என்பதை லென்ஸ் பொருளின் முறிவுச் சுட்டி, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் எண், தீர்மானிக்கிறது. சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்கின் சுட்டி 1.50. அதில் ஒரு பக்கத்துக்கு 4 சதவீதமாக, இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீதம் போய்விடும். இலேசில் உடையாத பொலிகாபனேட் பிளாஸ்டிக் 1.59, அதில் இழப்பு 10 சதவீதம். மெல்லிசான 1.67 லென்ஸில் 12, 1.74 இல் 14 சதவீதம். நல்ல பலபடைப் பூச்சு இதை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

இதிலிருந்து முதல் முடிவு எடுக்கலாம். பவர் கூடினவர்கள் தடிப்புக் குறையட்டும் என்று 1.67 கேட்டு வாங்குகிறார்கள். அந்த லென்ஸ்தான் கூடுதலாகத் தெறிக்கும். ஆகவே மெல்லிசு லென்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பூச்சை விடுவது சரியான மிச்சப்படுத்தல் அல்ல. சிஆர்-39 இல் குறைந்த பவர் போடுகிறவருக்கு அவ்வளவு கட்டாயமில்லை.

8 சதவீத வெளிச்சம் குறைந்தால் கண் அதைப் பெரிதாக உணராது. தெறித்த வெளிச்சம் எங்கே போகிறது என்பதில்தான் தொல்லை. முன்பக்கத்தில் தெறிப்பது எதிரில் நிற்பவருக்கு வெள்ளைப் பளபளப்பாகத் தெரியும். கனடாவில் இருக்கிற பிள்ளையோடு வீடியோவில் கதைக்கும்போது அம்மாவின் கண்ணுக்குப் பதிலாக ரியூப் லைற் தெரிவது இதனால்தான். பின்பக்கத்தில் தெறிப்பது போட்டிருப்பவரின் கண்ணுக்குள்ளேயே வரும். காலையில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனால் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். அது லென்ஸின் உட்பக்கத்தில் பட்டு, தன் கன்னத்தையும் இமையையும் தானே பார்க்க வைக்கும்.

மூன்றாவது, இரண்டு பக்கங்களுக்கும் இடையில் நடக்கும் தெறிப்பு. 4 சதவீதத்தில் 4 சதவீதம் என்றால் 0.16 சதவீதம். 1.67 லென்ஸில் இது 0.4 சதவீதம். பகலில் இது ஒன்றுமில்லை. இரவில், கும்மிருட்டு ஏ-9 வீதியில் எதிரே வரும் லொறியின் ஹெட்லைற்றுக்குப் பக்கத்தில் மங்கலான இன்னொரு விளக்கு மிதப்பதுபோல் தெரிவது இந்தச் சின்ன எண்ணால்தான். இரவில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்குப் பூச்சு பெறுமதி என்று தயங்காமல் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

வேலை செய்யும் விதம்: லென்ஸில், படைக்குள் வெளிச்சத்துக்கு இருக்கும் அலைநீளத்தின் கால்பங்கு தடிப்பில் ஒரு படை பூசினால், படையின் மேற்பக்கத்தில் தெறிக்கும் அலையும் அடிப்பக்கத்தில் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மக்னீசியம் புளோரைட்டில் இது ஏறக்குறைய 100 நனோமீற்றர். செய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935 இல் இதைக் கண்டுபிடித்தார். இன்று பிளாஸ்டிக் லென்ஸுகளுக்குச் சிலிக்காவையும் தைத்தானியம் அல்லது சேர்க்கோனியம் ஒட்சைட்டையும் மாறிமாறிப் பல படைகளாக வெற்றிட அறைக்குள் ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அழிக்க முடியாது. மிஞ்சுகிற கொஞ்ச வெளிச்சம்தான் அந்தப் பச்சை அல்லது நீலச் சாயல். வெற்றிட அறை இல்லாமல் இது நடக்காது. ஆகவே பாவித்த பழைய லென்ஸுக்குக் கடை மேசையில் வைத்துப் பூச்சுப் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எதைச் செய்யாது

ஹெட்லைற்றின் நேர் வெளிச்சத்தைப் பூச்சு குறைக்காது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, கீற்றுக் கீற்றாக விரிகிறது என்றால் ஆரம்பக் கண்புரை, சரியாகத் திருத்தப்படாத சிலிண்டர் பவர், கண் வறட்சி, கீறல் விழுந்த ஹெல்மெற் கண்ணாடி இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். ஐம்பது வயது தாண்டியவர் பூச்சு போட்டும் வளையம் போகவில்லை என்றால் லென்ஸை மாற்றிக்கொண்டிருக்காமல் கண் வைத்தியரிடம் போக வேண்டும். இரவு ஓட்டத்துக்கு என்று விற்கிற மஞ்சள் கண்ணாடி, ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தை இன்னும் குறைக்கும். அதை வாங்க வேண்டாம்.

ஆனையிறவில் இரண்டு பக்கத் தண்ணீரிலிருந்தும் வரும் பளபளப்புக்கும் இந்தப் பூச்சு மருந்தல்ல. அதற்கு வேண்டியது போலரைஸ்ட் கூலிங் கிளாஸ். புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் லென்ஸின் பொருள் செய்கிற வேலை. பொலிகாபனேட்டிலும் உயர்சுட்டி லென்ஸுகளிலும் அது இயல்பாகவே உண்டு.

நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

வெறும் ஹார்ட் கோட்: சில மைக்ரோமீற்றர் தடிப்பான கடினப் பூச்சு. கீறலைக் குறைக்கும், தெறிப்பைக் குறைக்காது. தோட்டம், மேசன் வேலை, தச்சுப் பட்டறை என்று மணலுக்கும் தூளுக்கும் நடுவில் நாள் முழுக்க நிற்பவருக்கு இதுதான் பொருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியை உடைக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் இதுவே போதும். அவர்களுக்குக் காசைப் பொலிகாபனேட்டில் போடுங்கள். பகலில் பேப்பர் வாசிக்க மட்டும் எடுக்கும் கண்ணாடிக்கும் இதற்குமேல் தேவையில்லை.

சாதாரண மல்ரிகோட், கடைகளில் எச்எம்சி என்று சொல்வது: ஹார்ட் கோட்டுக்கு மேல் பச்சைச் சாயல் தெறிப்பு நீக்கி. வழமையான பவர்களில் தொழிற்சாலையிலேயே பூசி வருகிற ஸ்டொக் லென்ஸ் இருப்பதால் சாதாவுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் பெரிதாக இராது. ஆனால் “கோட்டிங் கெதியாகக் கீறுது” என்ற முறைப்பாடும் இதில்தான் கூட வரும். அதில் பாதி உண்மை, பாதி தோற்றம். பூச்சு இல்லாத லென்ஸில் தெறிக்கும் வெளிச்சமே கீறலையும் விரல் எண்ணெயையும் மறைத்துவிடும். பூச்சுப் போட்ட லென்ஸில் எண்ணெய் படிந்த இடத்தில் மட்டும் அலைகளின் கணக்குக் குழம்பித் தெறிப்புத் திரும்ப வரும், கீறிய இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். அழுக்குப் பட்டது அதே அளவுதான், இப்போது கண்ணில் குத்துகிறது. உடனே சறத்தாலும் சேலைத் தலைப்பாலும் துடைக்கத் தொடங்குகிறோம். துணியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிற மணற்துகள் அங்கேதான் உண்மையான கீறலைப் போடுகிறது.

வழுக்கும் மேற்படை சேர்ந்த மல்ரிகோட்: அதே பூச்சுக்கு மேல், தண்ணீரையும் எண்ணெயையும் ஒட்டவிடாத புளோரின் சேர்மப் படை ஒன்று, பத்து நனோமீற்றர் அளவில். சுப்பர் ஹைட்ரோபோபிக் என்று கேட்டால் கடையில் விளங்கும். வேறு ஊரில் இதை வசதி என்று சொல்லலாம், யாழ்ப்பாணத்தில் தேவை என்றே சொல்வோம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புத்தான் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட லென்ஸிலும் பொட்டுப் பொட்டாக நிற்கிறது. அதைத் தேய்த்து எடுக்கப் போனால் பூச்சும் சேர்ந்து உரசுப்படும். மேற்படை உள்ள லென்ஸில் தண்ணீர் முத்தாகத் திரண்டு, உதறினாலே பெரும்பங்கு ஓடிவிடும். மிஞ்சும் துளியைத் துணியால் ஒற்றினால் போதும். வியர்வை, முகப் பவுடர், அடுப்படி எண்ணெய் ஆவி எல்லாம் ஒரே துடைப்பில் போகும். துடைக்கும் தடவை குறைந்தால் கீறலும் குறையும். கூடக் கொடுக்கும் காசு திரும்பி வருவது இப்படித்தான்.

புளூ கட்: இரண்டு வகை. ஒன்று, நீலத்தின் ஊதாப் பக்கத்து வெளிச்சத்தை உறிஞ்சும் பொருளிலேயே செய்த லென்ஸ். அதில் இலேசான மஞ்சள் சாயல் இருக்கும். மற்றது, நீலத்தைத் திருப்பித் தெறிக்க வைக்கும் பூச்சு. தெறிப்பை நீக்கக் காசு கொடுத்துவிட்டு, ஒரு நிறத் தெறிப்பை மட்டும் திரும்ப வாங்குவதற்குச் சமம் அது. போன் பார்க்கிற பிள்ளையின் கண்ணைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படுவதால் பெற்றோர் பயத்தில் வாங்குகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023 இல் வெளியிட்ட மீளாய்வு 17 பரிசோதனைகளை ஒன்றாக அலசிப் பார்த்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிடும்போது, கணினி பார்ப்பதால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் இது குறைப்பதாக அதில் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, கண் காய்கிறது. களைப்புக்கு ஒரு முக்கிய காரணம் அது. மணித்தியாலக் கணக்கில் பார்ப்பவர் 20 நிமிடத்துக்கு ஒருக்கால் தூரத்தில் உள்ள மாமரத்தையோ பனையையோ கொஞ்சம் பார்த்தால் அதற்குச் செலவில்லை. கடையில் நீல லேசரை அடித்து லென்ஸ் அதைத் தடுப்பதைக் காட்டுவார்கள். அந்த லேசரின் அலைநீளத்தை அது தடுக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இந்தக் காசை வழுக்கும் மேற்படையில் போடுவது நல்லது.

கடையிலேயே சோதிக்க

லென்ஸை ரியூப் லைற்றின் கீழ்ச் சரித்துப் பிடியுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று விளக்கின் இரண்டு விம்பங்கள் தெரியும். இரண்டும் மங்கலான பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் இரு பக்கமும் பூச்சு உண்டு. ஒன்று பளீரென்ற வெள்ளையாக இருந்தால் அந்தப் பக்கம் வெறுமையானது. இரண்டு லென்ஸையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று பச்சை, மற்றது ஊதா என்றால் வேறு வேறு தயாரிப்பைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், மாற்றிக் கேட்கலாம். மேற்படைக்கு ஒரு துளி தண்ணீர் போதும். பரந்து படிந்தால் இல்லை, முத்தாக நின்று வழுக்கினால் இருக்கிறது.

பிரேமில் பூட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் பிரேமைச் சூடாக்கி வளைக்கும்போது லென்ஸ் வெளியே இருக்க வேண்டும். உலோக பிரேமின் ஆணியை அளவுக்கு மீறி இறுக்கினால் ஓரத்தில் அழுத்தம் ஏறி, சில மாதத்தில் விளிம்பிலிருந்து மயிர்க்கோடுகள் கிளம்பும்.

பூச்சைக் கொல்வது வெக்கை

சூடேறினால் பிளாஸ்டிக், மேலே உள்ள கனிமப் படைகளைவிடப் பல மடங்கு விரியும். படைகளால் அந்த அளவுக்கு இழுபட முடியாது, வெடிக்கும். வற்றிய குளத்து நிலம்போல நுண்ணிய வெடிப்புகள் லென்ஸ் முழுக்கப் பரவி, விளக்கைப் பார்த்தால் புகைமூட்டமாகத் தெரியும். இது துடைத்துப் போகாது, திருத்தவும் முடியாது, லென்ஸ் மாற்றத்தான் வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்ட், ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழுள்ள பெட்டி, விறகடுப்புக்குக் கிட்டக் குனிந்து ஊதுவது, கொதிதண்ணீரில் கழுவுவது ஆகிய நாலும்தான் வழமையான காரணங்கள். சமையலுக்குப் பழைய கண்ணாடியை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

கழுவும் முறை: முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். லென்ஸைத் தொடாமல் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடித்துத் தூசியை இறக்குங்கள். கோப்பை கழுவும் திரவத்தில் ஒரு துளி, விரல் நுனியால் இரு பக்கமும் மெதுவாகத் தடவி, வடிவாக அலசுங்கள். குடிக்க வாங்கும் உப்பு நீக்கிய தண்ணீர் இருந்தால் கடைசியாகக் கொஞ்சம் அதில் விட்டெடுத்தால் வெள்ளைப் பொட்டு விழாது. உதறி, மைக்ரோபைபர் துணியால் ஒற்றுங்கள். காயவிடக் கூடாது. துணியைக் கிழமைக்கு ஒருக்கால் சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டும். மணத்துக்கும் மென்மைக்கும் விடும் திரவம் வேண்டாம், அது துணியில் நின்று லென்ஸில் பூசிக்கொள்ளும். தேசிக்காய், வினாகிரி, அமோனியா சேர்ந்த யன்னல் துடைக்கும் திரவம், நெயில் பொலிஷ் கழற்றும் திரவம் எதுவும் லென்ஸுக்குக் கிட்ட வரக் கூடாது. கடைசியாகச் சொன்னது பொலிகாபனேட்டையே பாழாக்கிவிடும்.

காசு கொடுக்கும்போது பில்லில் லென்ஸின் தயாரிப்புப் பெயர், முறிவுச் சுட்டி, பூச்சின் பெயர் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பூச்சு உரிந்தாலோ வெடித்தாலோ எத்தனை மாதத்துக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதுவியுங்கள். வெறும் “மல்ரிகோட்” என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு எதையும் கேட்க முடியாது.