ரீசெட் செய்தால் காணாமல் போகும் கார்டு: எட்டு வருட அனுபவம்

என் கம்ப்யூட்டரில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பழையது. வேறொருவர் பயன்படுத்தியதை வாங்கி மாட்டி எட்டு வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று முறை அதற்கு இறுதிச் சடங்கு நடத்திவிட்டேன். மூன்று முறையும் கார்டு நன்றாகத்தான் இருந்தது.

முதல் முறை, விண்டோஸ் 10-ஐ ரீசெட் செய்தபோது. திரை 1024x768-இல் வந்து நின்றது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பதில் 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்'. சரி, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தானே என்று ஆகப் புதியதை இறக்கி ஓட்டினால், பொருத்தமான ஹார்டுவேர் இல்லை என்று கையை விரித்துவிட்டது. அன்று ராத்திரியே புதுக் கார்டுகளின் விலை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள்தான் அந்த பேசிக் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில், டீட்டெய்ல்ஸ் பக்கத்தில், ஹார்டுவேர் ஐடி என்பதைத் திறந்து பார்த்தேன். நீளமான ஒரு வரி வரும். அதில் 'வென்' (VEN) என்ற எழுத்துகளுக்கு அடுத்த நான்கு இடங்கள் தயாரிப்பாளரைச் சொல்லும்: 10டிஇ (10DE) என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். (1978-இல் வந்த தன் சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது, குறும்புதான்.) 'டெவ்' (DEV) என்பதற்கு அடுத்திருப்பது மாடல் எண். என் கார்டின் எண் அங்கே பத்திரமாக இருந்தது. அதாவது மதர்போர்டுக்குக் கார்டு தெரிகிறது. ஆதரவு முடிந்துபோன மாடல் என்பதால் புது டிரைவருக்குத்தான் தெரியவில்லை. அந்த எண்ணை வைத்துத் தேடி, கடைசியாக அதை ஆதரித்த பழைய டிரைவரைப் பிடித்தேன்.

போட்டதும் கோட் 43, அதாவது சாதனத்தில் கோளாறு என்று விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. நான் ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், சிஸ்டம் தானாக இன்னொன்றை இறக்கிக்கொண்டிருந்தது. நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற இலவச மென்பொருளால் இரண்டையும் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். திரை ஒருமுறை கண் சிமிட்டி, முழு அளவுக்கு விரிந்தது.

இரண்டாவது முறை பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள். கடிகாரம் தினமும் பின்னால் போகிறதே என்று மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். அப்புறம் திரையே வரவில்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகியதும் படம் வந்தது. பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் ஃபேக்டரி அமைப்புக்குத் திரும்பி, சிஎஸ்எம் (பழைய சாதனங்களுக்கான இணக்க வசதி) அணைந்திருந்தது. யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) பாஷை தெரியாத பழைய கார்டு, சிஎஸ்எம் இல்லாமல் ஸ்டார்ட் ஆகும்போது வாயே திறக்காது. சிஎஸ்எம்-ஐ இயக்கி, சேவ் செய்து, கேபிளைக் கார்டுக்கே மாற்றினேன். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) கட்டாயம் வேண்டுமென்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதுவும் சிஎஸ்எம்மும் சேர்ந்து ஓடாது.

மூன்றாவது முறையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தூசி தட்டிவிட்டுக் கார்டைத் திரும்ப மாட்டியபோது, 6 பின் பவர் கேபிள் பாதிதான் உள்ளே போயிருந்தது. ஸ்லாட் தருவது 75 வாட்தான். மிச்சத்துக்கு அந்தக் கேபிள் 'டிக்' என்று உட்கார வேண்டும்.

இப்போது பழைய டிரைவர் ஒரு பென் டிரைவில், பயாஸ் பக்கங்களின் படம் ஃபோனில். ஒரே ஒரு தொல்லை மிச்சம்: ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் எப்போதாவது திரை கறுப்பாகவே நிற்கும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) எழுத்தை அழுத்தினால் ஒரு பீப் சத்தத்தோடு டிரைவர் புதிதாகக் கிளம்பி, படம் வந்துவிடுகிறது.