சப்பாத்திக்கள்ளியை அகற்ற: கடப்பாரையா, பொக்லைனா, களைக்கொல்லியா?

கொல்லை வேலியோரம் நின்று, ஆண்டுக்காண்டு நடைபாதை வரை படர்ந்துவிட்ட சப்பாத்திக்கள்ளியை அப்புறப்படுத்த மூன்று வழிகளைச் சொன்னார்கள்: ஆள்வைத்துக் கடப்பாரையால் தோண்டுவது, பொக்லைனால் வாரி எடுப்பது, களைக்கொல்லி அடிப்பது. நான் முதல் வழியைத் தேர்ந்தவன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை. தீ வைப்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நீர் கோத்த மடல் வெந்து கருகுமே தவிரச் சாம்பலாகாது.

வேகத்தில் பொக்லைன் முந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கள்ளியைப் பொறுத்தவரை வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. வெட்டிய மடல்கள் எங்கே போகின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மண்ணைத் தொட்டபடி கிடக்கும் மடல், ஏன், முட்கண் (முள் கிளம்பும் புள்ளி) உள்ள ஒரு துண்டுகூட வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும். பொக்லைனின் பற்கள் மடல்களைத் துண்டாக்கி மண்ணோடு கலந்துவிடுவதால், ஒரு புதர் இருந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பல புதர்கள் கிளம்ப வழியாகிறது.

கடப்பாரை வேலையில் அந்தக் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது. மேல் மடல்களைத் தொரட்டியால் வளைத்து, மூட்டு மூட்டாக அறுத்து, கீழே விரித்த தார்ப்பாயிலேயே விழச் செய்தோம். வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் ஓடுவதால், அடித்தண்டைச் சுற்றிப் பறித்து நெம்பினால் கிளம்பிவிடுகிறது. பெரிய முள்ளைவிட அதன் அடியில் கொத்தாக இருக்கும் பொன்னிறச் சுணைதான் தொல்லை. கையுறையில் ஒருமுறை ஏறிவிட்டால் அதை மறுபடி போட மனம் வராது. மடலைத் தொடாமல் கவைக்கம்பால் தூக்குவதும், தைத்த சுணையைத் தேய்க்காமல் முள்வாங்கியால் எடுப்பதும் நல்லது. குவித்த மடல்களைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் கோடை வெயிலில் சருகாகக் காயவிட வேண்டும், அல்லது ஆழக் குழியில் புதைக்க வேண்டும். ஓடையிலோ சாலையோரத்திலோ கொட்டினால் நம் தொல்லையை ஊருக்குப் பங்கிட்டதாகிவிடும்.

களைக்கொல்லியை நான் கையாண்டதில்லை. அக்கம்பக்கத்தில் கண்டதை வைத்தே சொல்கிறேன். மடலின் மெழுகுப் படலத்தில் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடுகிறது; மடலைக் கீறி உள்ளே செலுத்தினாலும் செடி அழுகிச் சாய நெடுநாளாகிறது. அழுகியதையும் ஒருவர் அள்ளத்தான் வேண்டும். தவிர, கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது.

பூச்சியை விட்டே அழிக்கலாமே என்று கேட்கலாம். 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, கள்ளிச் சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் பூச்சி, தென்னிந்தியாவின் கள்ளிக்காடுகளைப் பெருமளவு அழித்தது உண்மைதான். மடலில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் அதை நசுக்கினால் சிவப்புச் சாறு வரும். ஆயினும் ஒரு கொல்லையைக் காலிசெய்ய அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

எந்த வழியானாலும், ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு சுற்றுப் பார்த்து, தப்பிய துண்டுகளின் முளைகளையும், பழந்தின்ற பறவைகள் போட்ட விதைகளின் நாற்றுகளையும் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குவது அவசியம். ஏக்கர் கணக்கில் மண்டியிருந்தால் பொக்லைனைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் பின்னாலேயே துண்டு பொறுக்க ஆள் போட வேண்டியிருப்பதால், கூலியில் எதிர்பார்த்த மிச்சம் வராது.