பள்ளிக்கூட கஸ்டர்ட்: பவுடரா, முட்டையா?

பிரிட்டன் பள்ளிகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும், சதுரமாக வெட்டிய ஸ்பாஞ்ச் கேக்கின் மேல் தாராளமாக ஊற்றுவார்களே, அந்த மஞ்சள் கஸ்டர்டை வீட்டில் செய்ய இரண்டு வழி உண்டு.

முட்டை மஞ்சள் கருவில் செய்வது ருசியில் ஒரு படி மேல்தான். ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் திரிந்துவிடும். அந்த அடர் மஞ்சளும் வராது.

பள்ளி ஞாபகம்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு பவுடருக்கே. 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் உருவாக்கியது அது. 2 மேசைக்கரண்டி பவுடரைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து, அரை லிட்டர் சூடான பாலில் ஊற்றி, கை விடாமல் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் வழவழவென்று படியும்போது இறக்கிவிடலாம். அப்புறம் சற்றே ஆறவிட்டால், பள்ளித் தட்டில் பார்த்த அதே ஆடை மேலே சுருங்கிக்கொண்டு வரும்.